ஊரடங்கு நாளில் வேலைக்கு வந்தவர் கொவிட்டில் இறந்தால் முதலாளி பொறுப்பா?

கேள்வி: புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் எனக்குப் புடவை மொத்த வியாபாரம். 18 பேர் வேலை செய்கிறார்கள். 2021 ஓகஸ்ட் கடைசியில், தனிமைப்படுத்தல் ஊரடங்கு இருந்த நேரம், வந்த சரக்கை இறக்குவதற்காகக் களஞ்சியப் பொறுப்பாளரையும் இன்னும் மூன்று பேரையும் கடைக்கு வரச் சொன்னேன். ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. செப்டெம்பர் நடுப்பகுதியில் கொவிட் நியூமோனியாவால் இறந்துபோனார். 12 வருடம் என்னிடம் இருந்தவர், கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய். செத்தவீட்டுச் செலவை நான்தான் பார்த்தேன். இப்போது அவருடைய மனைவியும் பாடசாலை போகும் இரண்டு பிள்ளைகளும் 50 இலட்சம் கேட்டு, 14 நாள் தவணையில் சட்டத்தரணி கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். மனைவிக்கும் அப்போது தொற்று வந்ததாம், அதற்கும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். நான் பொறுப்பா? பதில் போடாமல் விடலாமா? கையில் ஏதாவது கொடுத்து முடிக்கலாமா?

பதில்: பதில் போடாமல் மட்டும் விடாதீர்கள். வியாபாரக் கடிதம் ஒன்றுக்கு மறுமொழி சொல்லாமல் இருப்பது சில சூழ்நிலைகளில் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படும் என்று சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கிலிருந்தே நமது நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. உங்களுக்கு வந்தது வியாபாரக் கடிதம் அல்ல என்று வாதாடலாம்தான். ஆனால் பின்னால் வாதாடுவதைவிட, பொறுப்பை மறுத்து உங்கள் சட்டத்தரணி மூலம் இப்போதே அரைப் பக்கம் எழுதுவது சுலபம். அந்தக் கடிதத்தில் கதை சொல்ல வேண்டாம். "அன்றைக்கு வேறு வழியில்லாமல்தான் கூப்பிட்டேன்" என்ற மாதிரி ஒரு வரி போதும், வழக்கு முழுக்க அதையே உங்களுக்கு எதிராக வாசிப்பார்கள்.

பொறுப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வேறு வேறு தர்க்கத்தில் ஓடுபவை. முதலாவது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அதில் முதலாளியின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்து என்று காட்டினால் போதும். தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2022 திருத்தத்தில்தான் அது ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது, வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் உள்ளே வந்தது. உங்கள் சம்பவம் 2021, ஆகவே பழைய கணக்கில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த வழியில் அவர்களுக்குள்ள இடைஞ்சல், கொவிட் ஒரு விபத்து அல்ல, நோய் என்பதுதான். அந்தச் சட்டம் நோய்களை ஒரு அட்டவணையில் தொழில்வாரியாக எழுதி வைத்திருக்கிறது: இன்ன வேலை செய்பவருக்கு இன்ன நோய் வந்தால் அது தொழில்சார் நோய் என்று. அதற்கு வெளியே உள்ள நோய்க்கு நட்டஈடு வேண்டுமென்றால், குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்திலிருந்து நேரடியாக அந்த நோய் வந்ததாகக் காட்ட வேண்டும். கொவிட் வார்டில் நின்ற தாதி என்றால் வாதத்துக்கு இடமிருக்கிறது. புடவைக் கடைக் களஞ்சியத்தில் நின்றவருக்கு அந்த இடம் மிகக் குறுகலானது. ஈயத்தோடும் தூசியோடும் வேலை செய்தவர்களை மனதில் வைத்து எழுதிய சட்டத்திடம் ஊர் முழுக்கப் பரவிய காற்றுவழித் தொற்றைக் கொண்டுபோனால் அது திணறத்தான் செய்யும். இதைத் திருத்த வேண்டியது பாராளுமன்றம், உங்கள் வழக்கு அல்ல.

கடிதத்தில் 50 இலட்சம் என்று போட்டிருப்பதால் அவர்கள் நினைப்பது இரண்டாவது வழியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். புதுக்கடையில் மாவட்ட நீதிமன்றத்தில், உரோம-டச்சுச் சட்டத்தின் கீழ், கவனயீனத்தால் நேர்ந்த இழப்புக்கான வழக்கு. இங்கே உச்சவரம்பு கிடையாது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, இறந்தவரின் உழைப்பு போனதற்கு மட்டுமல்லாமல் அவருடைய அன்பையும் துணையையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் நெருங்கிய குடும்பத்தார் நட்டஈடு கேட்கலாம். அதற்கு முன் அப்படிக் கேட்க முடியாது. ஆனால் இந்த வழியில் போனால் எல்லாவற்றையும் அவர்களே நிரூபிக்க வேண்டும். உங்களுக்குக் கவனிப்புக் கடமை இருந்தது, அதில் தவறினீர்கள், அந்தத் தவறுதான் மரணத்துக்குக் காரணம் என்ற மூன்றையும்.

முதல் இரண்டைப் பற்றி உங்களுக்கு இனிப்பாக எதுவும் சொல்ல என்னால் முடியாது. 2021 ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்குத் தொடங்கிய ஊரடங்கு ஒக்டோபர் 1 வரை நீண்டது. தெமட்டகொடையில் ஜூனில் கண்டுபிடித்த டெல்டா அப்போது கொழும்பு முழுக்கப் பரவியிருந்தது. ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் இறந்த நாட்கள் அவை. முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி என்பவை 2020 ஒக்டோபரிலேயே 1897 ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வந்துவிட்டன, மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. வேலைத்தலத்தில் தொற்று பரவும் என்று யாருக்கும் தெரியாது என்றும் சொல்ல முடியாது, 2020 ஒக்டோபரின் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணியும் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணியும் நாடே பார்த்தவை. அத்தியாவசிய சேவை அனுமதி உங்களிடம் இருந்ததா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால், அன்று கடை திறந்ததே சட்டமீறல் என்பதில் இருந்துதான் அவர்களுடைய வாதம் தொடங்கும். முதலாளி விதியை மீறினார் என்பதாலேயே மரணத்துக்குப் பொறுப்பாகிவிட மாட்டார். கவனயீனத்துக்கு மட்டும் அது பலமான சாட்சி.

வழக்கின் முடிச்சு மூன்றாவதில் இருக்கிறது. மருத்துவக் கவனயீன வழக்குகளில் நமக்கு நன்றாகத் தெரிந்த பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில் உயர் நீதிமன்றம் 2001 இல் கொடுத்த தீர்ப்பை உங்கள் சட்டத்தரணி நிச்சயம் எடுத்து வைப்பார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் வழங்கிய அந்த வழக்கு கடைசியில் விழுந்தது, கவனயீனம்தான் மரணத்தை உண்டாக்கியது என்று நிரூபிக்கப்படவில்லை என்பதால். கவனயீனம் வேறு, அதனால்தான் இழப்பு என்பது வேறு.

உங்கள் விடயத்தில் அதைப் பொருத்திப் பாருங்கள். காய்ச்சல் ஐந்தாம் நாள். தொற்று உடலில் சேர்ந்து அறிகுறி தெரிய இரண்டு நாளிலிருந்து 14 நாள் வரை ஆகலாம், டெல்டாவில் பெரும்பாலும் நான்கு ஐந்து நாள். ஆகவே சரக்கு இறக்கிய நாள் பொருந்துகிறது. ஆனால் அதற்கு முன் அவர் போன மருந்துக்கடையும், வரிசையில் நின்ற சதொசவும், வீட்டுக்கு வந்த ஆட்களும் கூடத்தான் பொருந்தும். "அதிகச் சாத்தியம் எது?" என்றுதான் நீதிமன்றம் கேட்கும், நூற்றுக்கு நூறு நிச்சயம் கேட்காது. அந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது ஒரேயொரு தகவலில் தங்கியிருக்கலாம்: கூட வந்த அந்த மூன்று பேரில் யாருக்காவது முதலில் தொற்று இருந்ததா? ஒருவர் இருமிக்கொண்டு வந்தார், அவரோடு இறந்தவர் கதவடைத்த களஞ்சியத்தில் ஆறு மணித்தியாலம் நின்றார் என்று பிஎச்ஐயின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரின்) தொடர்பாளர் பட்டியலும் பிசிஆர் திகதிகளும் காட்டினால், உங்கள் நிலை மோசம். மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை, அவருடைய வீட்டில்தான் முதலில் ஒருவருக்கு வந்தது என்றால், அவர்களுடைய வழக்கு மிகவும் மெலிந்துபோகும்.

அதனால் இந்த வாரமே செய்ய வேண்டியது, இருக்கிற பதிவுகளைச் சேர்ப்பது. வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் அவை சாட்சியாக ஏற்கப்படும், உங்கள் போனில் அழித்தாலும் இறந்தவருடைய போன் மனைவியிடம் இருக்கும். முகக்கவசம், கிருமிநீக்கி வாங்கிய பில், வெப்பநிலை எழுதிய கொப்பி இருந்தால் அப்படியே எடுத்து வையுங்கள். இல்லாததை இப்போது எழுதி வைக்கச் சொல்லும் ஆலோசகர்கள் புறக்கோட்டையில் குறைவில்லை. கிட்ட சேர்க்காதீர்கள். 2021 திகதியிட்ட கொப்பியில் புது மை இருந்தால், காரணத்தொடர்பில் நீங்கள் வெல்லக்கூடிய வழக்கையும் அது தோற்கடித்துவிடும்.

இனிக் காலம். நட்டத்துக்கான வழக்கை இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், கோரிக்கைக் கடிதம் அனுப்பியதால் அந்தக் கடிகாரம் நிற்காது. தொழிலாளர் நட்டஈட்டு விண்ணப்பத்துக்கும் மரணத்திலிருந்து இரண்டு வருடம்தான், தகுந்த காரணம் காட்டினால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் பிந்தியும் ஏற்கலாம். கொவிட் நிலைமையால் உரிய நேரத்தில் செய்ய முடியாமல் போனவர்களுக்கு 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் ஒரு சலுகை தந்தது. கொவிட்டே தடுத்தது என்று அவர்கள் காட்டியாக வேண்டும், இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது கடினம். ஆகவே காலம் கடந்துவிட்டது என்பது மனைவியின் கோரிக்கைக்கு எதிராக உங்களுக்கு நல்ல எதிர்வாதம். பிள்ளைகளுக்கு எதிராக அப்படி நினைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம். பராயமடையாதவர்களின் உரிமைக்கு எதிராக அந்தக் காலம் அதே மாதிரி ஓடாது. இன்று 14 வயதில் இருக்கும் பிள்ளை சில வருடம் கழித்துத் தன் தந்தையின் உழைப்பை இழந்ததற்காக வழக்குப் போட முடியும். காலம் கடந்துவிட்டது என்று கடைவீதியில் சொல்லிக் கேட்கும் ஆறுதலில் இந்த ஓட்டையை யாரும் சொல்வதில்லை.

மனைவிக்கு வந்த தொற்றுக்கு நட்டஈடு என்பது இந்தக் கடிதத்தின் மிக மெலிந்த பகுதி. ஊழியர் வழியாக வீட்டுக்குப் போகும் கொவிட்டுக்கு முதலாளிக்குக் கவனிப்புக் கடமை இல்லை என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2023 ஜூலையில் முடிவு செய்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக் காட்டலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் பணிக்கொடை பற்றி ஒரு சொல் இல்லை. 15 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி, ஐந்து வருடம் முடித்த ஊழியர் இறந்தாலும் 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் 12 வருடத்துக்கு 2,40,000 ரூபாய். 30 நாளில் கொடுக்க வேண்டியது, 12 மாதத்துக்கு மேல் தாமதமென்றால் 30 வீதம் மேலதிகம், அதாவது 72,000 சேர்ந்து 3,12,000. இது கொவிட் எங்கே தொற்றியது என்பதோடு சம்பந்தமே இல்லாத கடன். செத்தவீட்டுச் செலவு இதற்கு ஈடாகாது. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் ஒழுங்காகக் கட்டினீர்களா என்றும் பாருங்கள், நம்பிக்கை நிதியில் மரணக் கொடுப்பனவு உண்டு, அந்த அம்மா விண்ணப்பிக்க உங்கள் கையெழுத்து தேவைப்படலாம். என் அனுபவத்தில் இப்படியான குடும்பங்கள் பல சட்டத்தரணியிடம் போவது நோய்க்காக அல்ல, கொடுக்க வேண்டியதை முதலாளி கொடுக்காமல் இழுத்ததால்தான். பணிக்கொடையை உடனே காசோலையாக, இது பணிக்கொடை என்று எழுதிக் கொடுங்கள். அதனால் நோய்க்குப் பொறுப்பேற்றதாக ஆகாது.

தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி இருந்தால் கோரிக்கைக் கடிதத்தின் பிரதி இன்றைக்கே கம்பனிக்குப் போகட்டும். அவர்களைக் கேட்காமல் சமரசம் பேசினால் பிறகு பணம் தர மறுக்க அதுவே காரணமாகும்.

கையில் கொடுத்து முடிப்பதைப் பற்றி: ஊழியர் இறந்த விடயத்தில் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழான தொகையை ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். நேரே குடும்பத்திடம் கொடுத்து "இனி ஒன்றும் கேட்க மாட்டோம்" என்று எழுதி வாங்கும் தாள் அந்தச் சட்டத்தின் முன் நிற்காது. மாவட்ட நீதிமன்ற வழக்கைச் சமரசத்தில் முடிப்பதானாலும், பிள்ளைகளுக்காகத் தாய் வைக்கும் கையெழுத்து மட்டும் போதாது, பராயமடையாதவரின் பங்கை விட்டுக்கொடுக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். கொடுக்க மனமிருந்தால் அந்த அனுமதியோடு, பிள்ளைகளின் பங்கு அவர்கள் பெயரில் வங்கியில் வைப்பாகும்படி கொடுங்கள்.