அவரா, நீரா?

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். அப்பா ஆறு மாதம் புற்றுநோயில் கிடந்து இறந்துபோனார். 40 நாள் உபவாசமிருந்து கர்த்தரிடம் ஜெபித்தோம். அவர் கேட்கவில்லை. 'உங்க வீட்டில விசுவாசம் போதாது' என்று சாவு வீட்டிலேயே ஒருவர் சொன்னார். மேலே அவர் இருக்கிறாரா என்றே இப்போது சந்தேகம். ஒரு ராத்திரி 'ஏன் எங்கப்பாவை எடுத்தீர்' என்று கத்திவிட்டேன். அது பாவமா? இந்த நிலையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாமா? சந்தேகம் தீர நல்ல புத்தகங்கள் சொல்லுங்கள்.

(கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

புத்தகப் பட்டியல் தரமாட்டேன். அப்பாவைப் பறிகொடுத்தவனுக்கு வாதங்கள் எதற்கு? சாவு வீட்டில் அப்படிப் பேசியவரையும் விடு, பதில் சொல்லத் தகுந்த பேச்சில்லை அது.

ஒரு மாதமாக வேதாகமத்தில் யோபுவைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நம் மாவட்டத்துக்கு அவர் பழைய உறவு. சொத்தும் மாடும் போய் மனமுடைந்திருந்த நட்டாலம் நீலகண்டபிள்ளைக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி டிலனாய் சொன்னது யோபுவின் கதை என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பிள்ளைதான் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். டிலனாய் ஏதாவது அற்புதத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னதோ, சாம்பலில் உட்கார்ந்து கடவுளோடு வழக்காடிய ஒருவனின் கதை.

தமிழ் வேதாகமத்தில் அந்தப் புத்தகத்தைத் திறந்து ஒரு காரியம் பார். யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள், எல்லாம் கடவுளுக்காக வாதாடும் பேச்சு. அவர்களுக்குக் கடவுள் கடைசிவரை 'அவர்'தான். யோபுவும் 'அவர்' என்று பேசிக்கொண்டே வருவான், சட்டென்று திரும்பி 'நீர்' என்பான். நீர் ஏன் என்னை விடமாட்டேன் என்கிறீர், நீர் ஏன் என்னோடு வழக்காடுகிறீர் என்று கேட்பான். நண்பர்கள் ஒரு வார்த்தைகூடக் கடவுளிடம் பேசுவதில்லை. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வருவது அவர்கள்மேல்தான். யோபு பேசியதுபோல் நீங்கள் பேசவில்லை என்கிறார்.

இப்போது உன் கடிதத்துக்கு வா. முழுக்க அவர், அவர், அவர். ஒரே ஒரு இடத்தில்தான் 'எடுத்தீர்'. அதைப் போய் பாவமா என்று கேட்கிறாயே, எனக்குக் கோபம் வருகிறது தம்பி! அந்த ராத்திரி நீ கத்தியதுதான் ஜெபம். எனக்கு நாலு பக்கம் எழுதத் தெரிந்த உனக்கு, அதன்பிறகு அவரிடம் ஒரு வரி பேச வாய் வரவில்லையா? இல்லாத ஒருவரைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தமாட்டார்கள்.

2017 டிசம்பரில், ஒக்கி புயல் அடித்துப் பத்து நாளைக்கு அப்புறம், தூத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஆழ்கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. ஜன்னல் படியில் ஒரு பழைய பட்டன் போன் சார்ஜரில் கிடந்தது. அந்தம்மா அதை எடுத்துப் பார்ப்பார், துடைப்பார், திரும்ப வைப்பார். சாயங்காலம் குருசடிக்கு, அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலுக்கு, கூடவே போனேன். "மாதாவே, நீயும் பெத்தவதானே? பிள்ளையப் பறிகொடுத்தா எப்படியிருக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா?" என்று உரக்கவே கேட்டார். மெழுகுதிரி காற்றில் அணைந்தது. கையால் அண்டை கொடுத்து மறுபடி ஏற்றினார். மூன்று தரம். நான் சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரன், மாதாவிடம் பேசிப் பழக்கமில்லாதவன். ஆனால் அன்றைக்கு நான் கேட்ட ஜெபத்தைப்போல எந்த ஆராதனையிலும் கேட்டதில்லை. மகன் வரவேயில்லை. அந்தம்மா குருசடிக்குப் போவதை நிறுத்தவுமில்லை, கேட்பதை நிறுத்தவுமில்லை.

பாடம் எடுக்கலாமா என்றா கேட்டாய்? எடு. உங்க அப்பா ஏன் செத்தார் என்று ஏதாவது பிள்ளை கேட்டால், தெரியாது என்று சொல்.

சரி, அம்மா எப்படியிருக்கிறார்கள்? ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நாலு பக்கத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது.