நன்றியுணர்வு பற்றி நீங்கள் கேட்டவை

மனநல ஆலோசகராக இருப்பதால் இந்தத் தலைப்பில் என்னிடம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நன்றியோடு இருந்தால் வாழ்க்கையே மாறும் என்கிறார்கள். ஆதாரம் இருக்கிறதா, சும்மா சொல்கிறார்களா?

ஆதாரம் இருக்கிறது. ஆனால் வாழ்க்கையே மாறும் என்னும் அளவுக்கு இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் கல்லூரி மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். வாரம் ஒருமுறை ஒரு குழு நன்றி தோன்றிய விஷயங்களை எழுதியது, இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது, மூன்றாவது குழு அந்த வாரம் பொதுவாக நடந்தவற்றை எழுதியது. பத்து வாரம் போனதும் பார்த்தால், நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவோடு பேசினார்கள். உடல் உபாதைகள் குறைவு என்றார்கள், உடற்பயிற்சியும் அதிகம் செய்திருந்தார்கள்.

இந்தப் பழக்கத்தால் வரும் பலன் பெரும்பாலும் மிதமானதுதான். ஆனால் செலவில்லாமல் சில நிமிடங்களில் கிடைக்கிற பலன் என்பதால் நான் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: தினமும் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். கொஞ்ச நாளிலேயே 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். மனதில் ஒன்றும் தோன்றுவதில்லை.

நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், எழுதும் முறையை மாற்றுங்கள்.

'குடும்பம்' என்பது ஒரு தலைப்பு. அதைப் படித்தால் மனதில் எந்தக் காட்சியும் வராது. 'நேற்று நான் தலைவலியோடு படுத்திருந்தபோது, தங்கை வந்து எதுவும் கேட்காமல் விளக்கை அணைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்' என்று எழுதிப் பாருங்கள். யார், என்ன செய்தார், எப்போது என்று மூன்றும் அதில் இருக்கின்றன. எழுதும்போதே அந்த நிமிடம் திரும்ப வரும்.

அப்புறம், காரணத்தையும் எழுதுங்கள். மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்தும் அவர்களிடம் பலன் தெரிந்தது. பயிற்சியைத் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்குப் பலன் அதிகம். என் பார்வையில் 'ஏன்' என்ற கேள்விதான் இந்தப் பயிற்சியின் உயிர். தங்கை ஏன் விளக்கை அணைத்தாள்? அவள் என்னைக் கவனித்திருக்கிறாள். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் எழுதியதற்குப் பயன்.

தினமும் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவின் ஓர் ஆய்வில், வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் கிடைத்தது. தினமும் எழுதி உங்களுக்குச் சலித்துவிட்டதென்றால் வாரம் ஒருநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படுத்தால் தூக்கம் வருவதில்லை. இது உதவுமா?

படுத்ததும் மனம் கவலைகளையே சுற்றிச்சுற்றி வருவதுதான் காரணம் என்றால் உதவலாம். நன்றியுணர்வு அதிகம் உள்ளவர்களுக்குத் தூங்குவதற்கு முன் வரும் எண்ணங்கள் நல்லவையாக இருப்பதையும், அவர்கள் நன்றாகத் தூங்குவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். 'அப்பா இருக்கிறாரே, அதற்கு நன்றியோடு இரு' என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் கெட்டவளா?

இல்லை அம்மா. உங்கள் கோபம் நியாயமானது. உதவிக்கு வராமல் உபதேசத்துக்கு மட்டும் வருபவர்களைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும்.

வலியின் மேல் போட்டு மூடுவதற்கு நன்றி ஒரு போர்வை இல்லை. களைப்பு, வருத்தம், சில நேரம் 'போதும்' என்ற எண்ணம், எல்லாம் வரட்டும். அவற்றோடு சேர்ந்தே, ஒரு நாள் செவிலியர் உங்களுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டது மனதைத் தொடலாம். இரண்டும் உண்மை, ஒன்றுக்காக இன்னொன்றை அழிக்க வேண்டாம். ஒன்றுமே தோன்றாத நாளில் எதையும் தேட வேண்டாம். அடுத்த முறை அப்படிச் சொல்லும் உறவினரிடம், 'ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு மணி நேரம் நீங்கள் அப்பாவோடு இருங்கள்' என்று நேரத்தோடு கேளுங்கள். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது ஓய்வு.

கேள்வி: சம்பள உயர்வு கேட்டால், 'வேலை கொடுத்ததற்கு நன்றி இல்லையா' என்கிறார் முதலாளி.

அது நன்றியைக் கேட்பது இல்லை, பணிவைக் கேட்பது. ஆரம்பத்தில் வாய்ப்புக் கொடுத்ததற்கு உங்களுக்கு உண்மையாகவே நன்றி இருக்கலாம். அதைச் சொல்லுங்கள், அடுத்த வாக்கியத்திலேயே சம்பளத்தையும் கேளுங்கள். வீட்டில் கொடுமை நடக்கும்போது 'சோறு போட்டவரை எதிர்த்துப் பேசாதே' என்று அடக்குவதும் இதே வகைதான். யாருக்கும் நன்றிக்கடனாக அடி வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். இதைப் பழகினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. இத்தகைய பயிற்சிகள் குறித்த 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்விலும் பதற்றத்திலும் சிறிய முன்னேற்றம்தான் தெரிந்தது. சிகிச்சைக்கு இது மாற்று இல்லை. மாத்திரையை மாற்றுவதோ குறைப்பதோ உங்கள் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். சிகிச்சையோடு சேர்த்துச் செய்வதென்றால் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: மனைவிக்குப் போய் நன்றி சொல்வதா? அந்நியமாகப் படாதா?

'நன்றி' என்று சொல்லியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அவர் செய்ததைக் கவனித்தீர்கள் என்று தெரிந்தால் போதும். 'நீ ராத்திரி எழுந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டதால்தான் இன்றைக்கு என்னால் வேலையில் நிமிர்ந்து உட்கார முடிந்தது.' இதில் அந்நியம் எங்கே இருக்கிறது? நீண்ட காலம் சேர்ந்து வாழும்போது ஒருவர் உழைப்பு மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. என்னிடம் வரும் தம்பதிகளின் சண்டைகளில் பாதிக்கு மேல் இதுதான் அடியில் இருக்கிறது. ஒன்று மட்டும்: சொன்ன கையோடு 'ஆனால்' போட்டு ஒரு குறையைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரிடம் பல வருடங்களாகத் தொடர்பே இல்லை. இப்போது எழுதினால் சங்கடமாக இருக்குமோ?

உங்களுக்கு இருக்கும் சங்கடம் அவருக்கு இருக்காது. அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-இல் இதையே ஆராய்ந்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூடுதலாகவும், அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணித்தார்கள். வார்த்தை சரியாக அமைய வேண்டுமே என்று எழுதுபவர் தவிக்கிறார். பெறுபவர் பார்ப்பது அதில் இருக்கும் பாசத்தை.

நீளமாக வேண்டாம். அவர் செய்த ஒரு காரியம், அதனால் உங்களுக்கு நேர்ந்தது, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று மூன்று பத்தி போதும். 'நான் முதல் முறை தவறாகச் செய்தபோது, மற்றவர்கள் முன்னால் திட்டாமல் தனியே கூப்பிட்டு மறுபடி செய்துகாட்டினீர்கள். இன்று என்னிடம் கற்பவர்களிடம் நானும் அப்படித்தான் செய்கிறேன்' என்பது போல. பழைய தொடர்பு விட்டுப்போனதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கடிதத்திலேயே ஓர் உதவியும் கேட்டுவிடாதீர்கள், நன்றி சொன்னதே அதற்காகத்தான் என்று ஆகிவிடும். பதில் வராவிட்டால் நினைவூட்டி எழுதவும் வேண்டாம்.

கேள்வி: அப்படி ஒருவர் இப்போது உயிரோடு இல்லையென்றால்?

அப்போதும் எழுதுங்கள். ஆலோசனைக்கு வந்த ஏறத்தாழ 300 பேரை வைத்து நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்களின் மனநலம் 12 வாரம் கழித்தும் மேம்பட்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கடிதத்தை அனுப்பவே இல்லை. எழுதி முடித்ததும், முடிந்தால் அவர் குடும்பத்தில் யாராவது ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் செய்தது அவர்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.