திட்ட விலக்கம் பூச்சியம் என்றால் நீக்கிவிடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தின் 5 ஆண்டு மாதக் கணக்கை (60 மாதங்கள்) வைத்து எம்.எஸ்சி. புள்ளியியல் புராஜெக்ட் செய்கிறேன். வாடிப்போன மிளகுக் கொடிகளின் எண்ணிக்கையை விளக்குவதே நோக்கம். தோட்டத்தின் உயரம், மழை (இஞ்ச்), மழை (மில்லிமீட்டர்), ஆலங்கட்டி விழுந்த நாட்கள் என நான்கு நிரல்கள் உள்ளன. உயரத்துக்கும் ஆலங்கட்டிக்கும் திட்ட விலக்கம் 0 வருகிறது. அவற்றை நீக்கிய பிறகும், அணிக்கு நேர்மாறு இல்லை என்கிறது மென்பொருள். "டிஜெனரேட் என்றால் நீக்கிவிடு" என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். சரியா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: உயரத்தை நீக்கியது சரி. ஆலங்கட்டியை அந்தக் காரணத்துக்காக நீக்கியது சரியில்லை. மென்பொருள் இப்போது மறுப்பதற்குக் காரணம் மழைக் கணக்கு.

ஒரு சமவாய்ப்பு மாறி ஒரே ஒரு மதிப்பை நிகழ்தகவு 1-உடன் ஏற்றால் அதன் பரவல் டிஜெனரேட். குவிவுப் பரவல் சார்பு (ஒரு மதிப்பு வரை கிடைக்கும் மொத்த நிகழ்தகவு) அந்தப் புள்ளிக்கு முன்புவரை 0. அந்த இடத்தில் ஒரே தாவலாக 1. விலக்க வர்க்கச் சராசரி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) பூச்சியம். மற்ற எல்லாப் பரவல்களும் நான்-டிஜெனரேட். அது தொடர் மாறியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பூ, தலை என இரண்டே விளைவு உள்ள நாணயச் சுண்டலும் நான்-டிஜெனரேட்தான்.

உங்கள் தோட்டம் நகரப் போவதில்லை. அதன் உயரம் ஒரே எண். ஆனால் ஆய்வின் எல்லையை விரித்தால் இதே நிரல் உயிர் பெறும். சேலம் நகரம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நடுவில் உள்ள தோட்டங்களையும் சேர்த்தால் உயரம் நல்ல விளக்க மாறியாகிவிடும். எந்தத் தொகுதியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்ததே டிஜெனரேட் என்ற தீர்ப்பு.

ஆலங்கட்டிக் கதை வேறு. 60 மாதமும் 0 என்பது கூறின், அதாவது உங்கள் கையில் உள்ள பதிவின், நிலை. மலையில் ஆலங்கட்டி விழவே விழாது என்று அதற்குப் பொருளில்லை. மாதங்கள் ஒன்றையொன்று சாராதவை, ஒரே மாதிரியானவை என்று வைத்துக்கொண்டால், 60-இல் ஒருமுறைகூட நிகழாத ஒன்றின் மாத நிகழ்தகவு, 95% நம்பிக்கையுடன், சுமார் 5% வரை இருக்கலாம். அந்த அனுமானமே இங்கு தளர்வானது. ஆலங்கட்டி கோடை இடிமழையோடு வருவது. ஆண்டுக்கு மூன்று கோடை மாதங்கள் என்று எடுத்தால் உங்களிடம் இருப்பது 15 மாதங்களே. அப்போது மேல் எல்லை சுமார் 18%. இதைப் பூச்சியம் என்று எழுத எனக்கு மனம் வராது. நிரலைச் சமன்பாட்டில் சேர்க்க முடியாது, உண்மைதான். மாறாத நிரல் எதையும் விளக்காது. "பதிவில் இல்லை, ஆகவே விளைவை மதிப்பிட இயலவில்லை" என்று அறிக்கையில் எழுதுங்கள். மாறிலி என்று எழுதாதீர்கள்.

இனி மழை. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இஞ்ச் நிரலைத் தனியே பாருங்கள்: நன்றாக மாறுகிறது. மில்லிமீட்டரும் அப்படியே. தனித்தனியே இரண்டும் நான்-டிஜெனரேட். ஆனால் மில்லிமீட்டர் என்பது இஞ்சின் 25.4 மடங்கு. இரண்டையும் வரைபடத்தில் இட்டால் 60 புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழும். தளம் முழுக்கப் பரவ வேண்டிய கூட்டுப் பரவல் ஒரு கோட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. இணை மாறுபாட்டு அணியின் (நிரல்கள் சேர்ந்து எப்படி மாறுகின்றன என்று காட்டும் அணி) அணிக்கோவை பூச்சியம். நேர்மாறு எப்படி வரும்? இதுவும் டிஜெனரேட்தான், இரு பரிமாணத்தில். இயல்நிலைப் பரவலாகவே இருந்தாலும் இந்த நிலையில் அதற்குத் தளத்தின் மேல் அடர்த்திச் சார்பு கிடையாது.

ஆகவே திட்ட விலக்கத்தை மட்டும் சோதித்தால் போதாது. அணியின் தரத்தையும் (ஒன்றிலிருந்து ஒன்று பெற முடியாத நிரல்களின் எண்ணிக்கை) பாருங்கள். தரம் நிரல்களின் எண்ணிக்கையை விடக் குறைந்தால், ஏதோ ஒரு நிரல் மற்றவற்றிலிருந்து பிறந்தது. உங்களிடம் அது மில்லிமீட்டர். தோட்டத்தில் மழைமானியைப் பார்த்து இஞ்சில்தான் குறித்தார்கள் என்றால் அதையே வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். தகவல் எதுவும் போகாது.

உங்கள் மென்பொருள் மறுத்தது ஒருவகையில் நல்லது. மில்லிமீட்டரை முழு எண்ணாக்கி எழுதியிருந்தால் புள்ளிகள் கோட்டை விட்டுத் துளி விலகியிருக்கும், அணிக்கோவையும் சரியாகப் பூச்சியமாகியிருக்காது. மென்பொருள் விடையும் தந்திருக்கும்: பெரும்பாலும் ஒரு மழைக்குப் பெரிய மிகைக் கெழு, இன்னொன்றுக்குப் பெரிய குறைக் கெழு. அதைப் படிப்பவர் மழை ஒரே சமயத்தில் கொடியைக் காக்கவும் கெடுக்கவும் செய்கிறது என்று நம்பிவிடுவார்.

கடைசியாக ஒன்று: அறிக்கையில் மைய எல்லைத் தேற்றத்தை (பல மதிப்புகளின் சராசரி இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்பது) மேற்கோள் காட்டும்போது, விலக்க வர்க்கச் சராசரி முடிவுறு எண், பூச்சியத்தை விடப் பெரிது என்ற இரண்டு நிபந்தனைகளையும் எழுதுங்கள். பூச்சியமானால் திட்ட விலக்கத்தால் வகுக்கும் படியே நின்றுவிடும். நான்-டிஜெனரேட் என்று மட்டும் எழுதினால் முதல் நிபந்தனை விட்டுப்போகும்: கோஷி (Cauchy) பரவல் நான்-டிஜெனரேட், ஆனால் அதற்குச் சராசரிகூடக் கிடையாது.