ஃபைனல் ஃபேண்டசி வீடியோ கேம் தொடரில் கதை சொல்வதில் எந்தப் பாகம் சிறந்தது, எது சறுக்கியது?

என் கணக்கில் சிறந்தது ஆறாவது, சறுக்கியது பதின்மூன்றாவது. காரணம் சொல்லப் போனால் முக்கியமான திருப்பங்களை உடைக்க வேண்டியிருக்கும். இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

1987இல் ஜப்பானில் தொடங்கிய தொடர் இது. எண் ஏறினாலும் கதை தொடராது. பாகத்துக்குப் பாகம் உலகமும் மனிதர்களும் வேறு. சொக்கோபோ என்ற சவாரிப் பறவையும் சிட் என்ற பெயரில் யாராவது ஒருவரும்தான் பெரும்பாலும் திரும்ப வருவார்கள். ஆகவே எந்தக் கதை பெரியது என்று நான் பார்ப்பதில்லை. கதையின் எவ்வளவு பகுதி என் கையால் நடக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

1994இல் வந்த ஆறாவது பாகத்தை மிகத் தாமதமாக, கைப்பேசியில், பெங்களூரு அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகும்போதுதான் விளையாடினேன். பாதிக் கதையிலேயே வில்லன் கெஃப்கா ஜெயித்து உலகத்தைச் சிதைத்துவிடுகிறான். ஓராண்டு கழித்து செலஸ் என்ற பெண் ஒரு சிறு தீவில் கண்விழிக்கிறாள். துணைக்கு இருப்பவர் சிட் என்ற முதியவர் மட்டும். அவரும் படுத்த படுக்கையாகிவிடுகிறார். நாம் கரைக்குப் போய் மீன் பிடித்து வந்து கொடுக்க வேண்டும். விரைந்து ஓடும் மீன் அவரைத் தேற்றும், மந்தமாக நீந்துவது இன்னும் படுத்தும். இதை யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. எனக்கோ வண்டியில் நெரிசல், ஒரு கை கம்பியில். சுலபமாகச் சிக்கிய மந்த மீன்களாகவே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹூடி நிலையம் வருவதற்குள் பெரியவர் போய்விட்டார். வாழ்வே வெறுத்துப்போகும் செலஸை மீட்பது ஒரு கடற்பறவை. அதன் உடம்பில் கட்டியிருக்கும் துணி, அவள் தேடும் லாக் என்பவனுடையது.

அவரைப் பிழைக்க வைத்திருக்கலாம் என்று மறுநாள்தான் தெரிந்தது. முன்பு சேமித்துவைத்த ஆட்டத்தைத் திறந்து சரிசெய்ய மனம் வரவில்லை. என் சோம்பலில் போனவர், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மீன் பிடிப்பதைத் தவிர அந்த இடத்தில் எனக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஏழாவதில் (1997) வில்லன் செஃபிராத், நம் குழுவிலுள்ள ஏரித் என்ற பெண்ணைக் கொல்வது ஊரறிந்த செய்தி. நான் கவனிக்கச் சொல்வது அதற்கடுத்த சண்டையை. வழக்கமான போர் இசை அங்கே கிடையாது. அவளுக்கான மெட்டே தொடர்ந்து ஒலிக்கிறது. சண்டை முடிந்து குழுவைப் பார்த்தால் ஓர் இடம் காலி. காயம் ஆற்றுவதற்கென்று அவளைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தவர்களுக்கு அந்தக் காலியிடம் பல மணி நேரம் உறுத்தும். அதன் பிறகு வரும் நாயகன் க்ளவுட்டின் பொய் நினைவுகள் சாமர்த்தியமானவைதான், ஆனால் எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

பத்தாவது (2001) எங்கள் வீட்டுப் பாகம். மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பிளேஸ்டேஷன் 2இல் நானும் தங்கையும் முறை வைத்து ஆடினோம். யூனா என்ற பெண் கோயில் கோயிலாகப் போய், சண்டையில் துணைக்கு அழைக்க ஏயான் என்ற காவல் பூதங்களை ஒவ்வொன்றாகப் பெறுகிறாள். புதிதாக ஒன்று கிடைக்கும்போதெல்லாம் நாங்கள் குதிப்போம். பாதிக்கு மேல் போன பிறகுதான், சின் என்ற அரக்கனை வீழ்த்தும் கடைசி அழைப்பு அழைப்பவளின் உயிரையே எடுத்துவிடும் என்று நாயகன் டீடஸுக்குத் தெரிகிறது. கூட வந்த மற்றவர்களுக்கு அது முதலிலிருந்தே தெரியும். தங்கை கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அப்படியென்றால் இத்தனை நாளும் நாம்தான் அவளைச் சாகக் கூட்டிப் போனோமா, அண்ணா?” இறுதியில் அந்த ஏயான்களையே வரிசையாக எதிர்த்து வீழ்த்த வேண்டியிருந்தது. “நீயே அடி, நான் பார்க்க மாட்டேன்” என்று அவள் அம்மாவிடம் சமையலறைக்குப் போய்விட்டாள். (டீடஸின் கட்டாயச் சிரிப்பைக் கேலி செய்பவர்கள் அந்தக் காட்சியை முழுதாகப் பார்க்காதவர்கள். சிரிப்பு வராதபோதும் சிரித்துப் பழக வேண்டும் என்று யூனா சொல்லித்தான் அவன் அப்படிச் சிரிக்கிறான்.)

பதின்மூன்றாவதில் (2009) கதை மோசமில்லை. ஆனால் ஃபால்சீ, எல்சீ, சீத் என்று ஒரே சந்தத்தில் மூன்று சொற்களை எறிந்துவிட்டு, விளக்கத்தைப் பட்டியலுக்குள் போய்ப் படித்துக்கொள் என்கிறார்கள். கைக்குக் கிடைப்பது நீளமான ஒரு நடைபாதைதான். பதினாறாவதிலும் (2023) விளக்கக் குறிப்புகள் உண்டு. அங்கே காட்சியை நிறுத்தினால் அந்த நேரத்துக்கு வேண்டியவை மட்டும் வரும். அது மரியாதையான ஏற்பாடு.

பதினைந்தாவது (2016) ஓட்டை விழுந்த பாத்திரம். கதையின் ஒரு பகுதி தனித் திரைப்படத்தில், இன்னொரு பகுதி அனிமேஷனில். அப்படியிருந்தும் எனக்கு அதன் மேல் ஒரு பிடிப்பு. நான்கு நண்பர்கள் காரில் ஊர் சுற்றுகிறார்கள். அவர்களில் ஒருவனான பிராம்ப்டோ வழியெல்லாம் படம் எடுக்கிறான். தங்கும் ஒவ்வோர் இரவும் எதை வைத்துக்கொள்வது என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். கடைசிச் சண்டைக்கு முன் அவற்றில் ஒன்றை மட்டும் கையோடு கொண்டுபோகச் சொல்கிறார்கள். அழகான படங்கள் எத்தனையோ இருந்தன. பாதிச் சட்டகத்தை ஒரு சொக்கோபோவின் முதுகு மறைத்த, இன்னொரு நண்பன் க்ளாடியோவின் முகம் கலங்கிப்போன ஒன்றைத்தான் எடுத்தேன். அதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.