கடற்பாசிப் பொட்டலத்தில் இருந்த வெள்ளைத் தூள்

கேள்வி: போன வாரம் என் மூன்று வயதுப் பேரன் கடற்பாசிச் சிற்றுண்டிப் பொட்டலத்துக்குள் இருந்த சின்னப் பையைக் கிழித்துவிட்டான். கையெல்லாம் வெள்ளைத் தூள். ஈரத் துணியால் துடைத்தேன்; துணி லேசாகச் சுட்டது. கை சிவக்கவில்லை, வாயிலும் வைக்கவில்லை. மாத்திரைப் புட்டியில் வரும் பையும், அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவும் இதே ரகம்தானா? - வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஒரு வாரம் ஓடிவிட்டது, தோலிலும் ஒன்றுமில்லை. பேரனைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் துணி சுட்டது உங்கள் பிரமை அல்ல.

கடற்பாசி, அரிசி பிஸ்கட் எல்லாம் நமுத்துப்போகாமல் இருக்க வைக்கும் வெள்ளைத் தூள் பல சமயம் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் ஊற்றியதும் கொதித்துப் பொங்கும். சூடு அடங்கியதும் மிஞ்சும் கால்சியம் ஹைட்ராக்சைடு கடுமையான காரம் (அமிலத்துக்கு எதிரான அல்கலி, மிளகாய்க் காரம் அல்ல). அதன் தெளிநீரே பிஎச் 12-ஐத் தாண்டும். ஈரத் துணியில் உள்ள தண்ணீர் இந்த வினையைத் தொடங்கிவைக்கப் போதும், சூட்டையும் காரத்தையும் அடித்துக்கொண்டு போகப் போதாது. இனி இப்படி நேர்ந்தால் முதலில் காய்ந்த துணியால் தட்டிவிடுங்கள், அப்புறம் குழாயைத் திறந்து தாராளமாகக் கழுவுங்கள்.

கண்ணில் பட்டால் கதையே வேறு. காரம் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும், பார்வையே போகலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு ஏற்கெனவே நீற்றியது, அதனால் சூடாகாது. ஆனாலும் அதே காரம்தான். (பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.) கண்ணில் பட்டால் உடனே இமையை விரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரை 20 நிமிடமாவது ஓடவிடுங்கள். தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு எதுவும் விடக்கூடாது. ஆம்புலன்சுக்கு 995-ஐ வேறொருவர் அழைக்கட்டும். ஆளில்லையென்றால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே கழுவுங்கள். எரிச்சல் அடங்கினாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயே ஆக வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, கிழிந்த பையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கேகே மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது.

மாத்திரைப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா ஜெல். தண்ணீரில் கரையாது, வினையும் புரியாது. ஈரத்தைத் தன் நுண்துளைகளில் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். குழந்தை விழுங்கினால் விஷத்தைவிட தொண்டையில் சிக்குமோ என்பதுதான் என் பயம்.

அலமாரி டப்பாவில் இருக்கும் வெள்ளை மணிகள் அநேகமாகக் கால்சியம் குளோரைடு. 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீரில் சமையல் உப்பு சுமார் 36 கிராம் கரையும்; இது 74 கிராம் வரை கரையும். தண்ணீர்மேல் அவ்வளவு ஆசை அதற்கு! காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, அதிலேயே தானும் கரைந்துவிடும். அடியில் தேங்குவதைப் பலர் வெறும் தண்ணீர் என்று நினைத்துக் கையால் துடைக்கிறார்கள். அது கெட்டியான உப்புக் கரைசல். கழுவாமல் விட்டால் எரிச்சல் வரும், சில மணி நேரம் கழித்துப் புண்ணும் ஆகலாம். தரையில் சிந்தினால் எளிதில் காயாது, பிசுபிசுவென்று வழுக்கும். ஒருமுறை துடைத்தால் போகாது. டப்பா நிரம்பியதும் கையுறை போட்டுக் கழிப்பறையில் ஊற்றி, நிறையத் தண்ணீர் விடுங்கள். அந்த வேலையைப் பேரன் தூங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.