வாசகர் கேள்வி–பதில்: பதகளிப்பும் மூச்சும் மூலிகையும்

கேள்வி: எனக்கு 42 வயது. நான்கு மாதங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் நின்றபடி சென்றபோது, திடீரென நெஞ்சு படபடத்து, விரல்கள் விறைத்து, இறந்துவிடுவேன் போலிருந்தது. வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இதயத்தில் குறையில்லை என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறவில்லை. குளிசை இல்லாமல் இயற்கை முறையில் இதை மாற்ற முடியுமா? மூச்சை ஆழமாக இழுக்கும்படி எல்லோரும் சொல்கிறார்கள். இழுக்க இழுக்கத் தலைச்சுற்றுத்தான் கூடுகிறது. (ஒரு வாசகி, கொக்குவில்)

பதில்: சகோதரி, விடையின் பாதி உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. பயம் வந்தவுடன் நாம் அறியாமலே வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடத் தொடங்குகிறோம். அதனால் குருதியிலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு குறைகிறது; மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை சுற்றுகிறது; நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருவதால் விரல் நுனிகளும் உதடுகளைச் சுற்றிய பகுதியும் விறைக்கின்றன. மூச்சு முட்டுவது போலத் தோன்றினாலும் உண்மையில் காற்று அளவுக்கு மிஞ்சியே உள்ளே போயிருக்கிறது. அந்த நேரத்தில் "ஆழமாக இழு" என்று சொல்வது எரிகிற அடுப்பில் மேலும் ஒரு கொக்காரையைச் செருகுவது போன்றது.

உங்களுக்கு வேண்டியது இழுக்கும் மூச்சல்ல, விடும் மூச்சு. ஒரு கதிரையில் சாய்ந்திருந்து, வயிற்றின் மீது ஒரு கையை வைத்து, மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும்வரை உள்ளே எடுங்கள். பிறகு உதடுகளைச் சற்றுக் குவித்து, கொதிக்கிற தேநீரைச் சிந்தாமல் ஊதி ஆற்றுவது போல, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு ஆறு மூச்சுகள் வரும். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்று மெதுவாவது நம் உடலின் இயல்பு. அதைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். ஆனால் இதைப் பஸ்ஸில் பயம் வரும்போது முதன்முதலாகச் செய்து பார்க்காதீர்கள். கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் பழக முடியாது. மனம் அமைதியாக இருக்கும் காலை வேளையிலும் இரவிலும் பத்து நிமிடங்கள் வீதம் சில வாரங்கள் பழகிய பின்னரே அது ஆபத்து நேரத்தில் கைகொடுக்கும்.

மூச்சுப் பயிற்சி மட்டும் உங்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பஸ்ஸைத் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும் "ஏறாததால்தான் தப்பினோம்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. ஆகவே முதலில் தரிப்பிடத்தில் சும்மா நின்று பழகுங்கள். பிறகு நெருங்கிய ஒருவருடன் ஒரு தரிப்பிடத் தூரம் மட்டும் செல்லுங்கள். அது பழகியதும் தனியாகச் செல்லுங்கள். முக்கியமானது, பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடாமல், அது தானாகத் தணியும்வரை இருப்பது. இவ்வாறான பயம் அலை போல ஏறி, பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கிவிடும். நம்மவர்கள் பலர் தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்து முகர்ந்தபடி பயணம் செய்வார்கள். அதில் தீங்கொன்றுமில்லை, ஆனால் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கான பெருமை முழுவதையும் தேசிக்காய் எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு கட்டத்தில் அதையும் வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

பண்ணைக் கடற்கரையோரமாகவோ உங்கள் ஒழுங்கைகளிலோ வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணி நேரம் விரைந்து நடப்பதும் நல்லது. இதயம் வேகமாக அடிப்பது ஆபத்தின் அறிகுறியல்ல என்பதை உடல் நடந்துதான் கற்றுக்கொள்கிறது. முன்னர் செய்த பரிசோதனைகளில் தைரொயிட்டும் குருதிச்சோகையும் பார்க்கப்பட்டனவா என்று கேட்டறியுங்கள். தைரொயிட் கூடினாலும் இதே படபடப்புத்தான் வரும். இரண்டு மூன்று மாதங்களில் முன்னேற்றம் இல்லையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உளமருத்துவப் பிரிவை நாடுங்கள். மருந்து இல்லாமல், பேச்சின் வழியாகவும் படிப்படியான பழக்கத்தின் வழியாகவும் குணப்படுத்தும் முறைகள் அங்கேயும் உண்டு.

கேள்வி: தைரொயிட் குறைவுக்குப் பல வருடங்களாகத் தைரொக்சின் எடுக்கிறேன். பதகளிப்புக்காகக் கிளினிக்கில் சேர்ட்ரலின் தந்தார்கள், மூன்று மாதமாகிறது. கனடாவிலிருக்கும் தங்கை அஸ்வகந்தா குளிசைகளும் சென் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகைக் குளிசைகளும் அனுப்பியிருக்கிறாள். மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லைத்தானே? ஆங்கில மருந்தை விட்டுவிட்டு இவற்றை எடுக்கலாமா? (ஒரு வாசகி, வட்டுக்கோட்டை)

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம், அம்மா. அலரி விதையும் இயற்கைதான் என்பதை யாழ்ப்பாணத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உடலில் ஒரு விளைவைத் தரக்கூடிய எந்தப் பொருளும் வேண்டாத விளைவையும் தரக்கூடும்.

சென் ஜோன்ஸ் வோர்ட்டைச் சேர்ட்ரலினுடன் சேர்த்து எடுத்தால், நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருள் அளவுக்கு மிஞ்சி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தடுமாற்றம் என்று ஆபத்தான நிலை ஏற்படலாம். அது ஈரலின் நொதியங்களைத் தூண்டி, கருத்தடைக் குளிசை, குருதி உறையாமைக்கான வார்பரின் முதலிய பல மருந்துகளின் வலுவையும் குறைத்துவிடுகிறது. அஸ்வகந்தா என்பது நம் சித்த வைத்தியத்திலுள்ள அமுக்கிராதான். பதகளிப்பை அது ஓரளவு குறைப்பதாகச் சிறிய, குறுகிய கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடியது (ஏற்கெனவே தைரொக்சின் எடுக்கும் உங்களுக்கு அது அளவுக்கு மிஞ்சலாம்), அரிதாக ஈரலைப் பாதித்திருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு உகந்ததல்ல. டென்மார்க் அதை 2023 இல் தடை செய்தது. சித்த வைத்தியத்தை நாட விரும்பினால், கைதடியிலுள்ள சித்த போதனா வைத்தியசாலைக்கு உங்கள் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரு வைத்தியர்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மறைத்து மற்றவரிடம் போவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

சேர்ட்ரலினைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும், மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வும் வரலாம். அதைப் பதகளிப்பு திரும்பிவிட்டதென்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். குறைப்பதாயின் வைத்தியர் சொல்லும் அளவில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். வல்லாரைச் சம்பலுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை; சோற்றுடன் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா ஓம் சொல்லி மூச்சுப் பயிற்சி செய்யும்படி சொல்கிறார். நாங்கள் கத்தோலிக்கர். செய்யலாமா? (ஒரு வாசகி, குருநகர்)

பதில்: சமய அனுமதியை உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், பலனைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 2001 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வில், 23 பேரை இலத்தீன் மொழியில் செபமாலையும் யோக மந்திரமும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டின்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரவர் சமய மரபிலுள்ள செபத்தையே தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்த வேண்டுமென்று எழுதியிருக்கிறார். ஆகவே உங்களிடம் செபமாலை இருக்கும்போது வேறெதையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் நம் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் ஓட்டமாகச் சொல்லி முடிக்கும் வேகத்தில் இந்தப் பலன் கிடைக்காது. ஒருவர் முற்பகுதியைச் சொல்ல, மற்றவர் பிற்பகுதியைச் சொல்லும் அந்த இடைவெளியில் மூச்சு தானாக உள்ளே வரட்டும்.

கேள்வி: உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை படிக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் மூன்று கோப்பி குடிக்கிறேன். படுத்தால் நெஞ்சு அடிக்கும் சத்தம் கேட்கிறது. சில இரவுகளில் இருந்தென்ன என்றும் தோன்றுகிறது. தூக்கத்துக்கு ஏதாவது மூலிகை உண்டா? (ஒரு மாணவர், சாவகச்சேரி)

பதில்: தம்பி, கோப்பியைப் பற்றிப் பிறகு பேசலாம். "இருந்தென்ன" என்ற அந்த எண்ணத்தை இன்றே அம்மாவிடமோ, அண்ணனிடமோ, நம்பிக்கையான ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை, இரவிலும் இயங்கும். எண்ணம் வலுத்தால் காலைவரை காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு செல்லுங்கள்.

தூக்கத்துக்கு மூலிகை வேண்டாம். கோப்பியிலுள்ள கபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். ஒன்பது மணிக்குக் குடித்ததில் பாதி அதிகாலை இரண்டு மணிக்கும் உங்களுக்குள் இருக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடி வரும். எனவே மூன்றை இரண்டாக்கி, நான்கு நாள் கழித்து ஒன்றாக்கி, அந்த ஒன்றையும் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னர் குடியுங்கள். வெறுந்தேநீரும் இந்தக் கணக்கில் சேரும்.