720720க்கு எத்தனை காரணி? பக்கத்துல இருக்கற 720721 பகா எண்ணா?

கேள்வி: போட்டித் தேர்வுக்கு படிக்கிறேன். 720720க்கு மொத்தம் எத்தனை காரணின்னு கால்குலேட்டர் இல்லாம எப்படி கண்டுபிடிக்கறது? 720721ஐ 2லேருந்து 16 வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி 1 வருது, அப்போ அது பகா எண்தானே?

பதில்: ஒண்ணொண்ணா வகுத்து லிஸ்ட் போட ஆரம்பிக்காதீங்க, நேரம் அதுலயே போயிடும். எண்ணை முதல்ல நல்லா பாருங்க, 720 ரெண்டு தடவ வந்திருக்கு. மூணு இலக்கம் அப்படியே திரும்ப வந்தா அது 1001ஆல வகுபடும், 1001ங்கறது 7 × 11 × 13. மிச்சம் இருக்கற 720ஐ உடைச்சா 16 × 9 × 5, அதாவது நாலு 2, ரெண்டு 3, ஒரு 5. அவ்ளோதான், கஷ்டமான பாகம் முடிஞ்சுது.

இப்போ ஒரு காரணியை உருவாக்கணும்னா 2ஐ எடுக்காமலே விடலாம், இல்ல ஒண்ணுலேருந்து நாலு தடவ வரைக்கும் எடுக்கலாம், ஆக 5 வழி. இந்த "எடுக்காமலே விடறது"ங்கறதைத்தான் நெறைய பேர் மறந்துட்டு 4னு போட்டு மார்க்கை விடறாங்க, தயவுசெஞ்சு இதுல கவனமா இருங்க. 3க்கு 3 வழி, 5, 7, 11, 13 ஒவ்வொண்ணுக்கும் 2 வழி. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. ஒற்றைப்படை காரணி மட்டும் கேட்டா 2ஐ தொடவே கூடாது, 240ஐ 5ஆல வகுத்து 48. வர்க்க எண்ணா மாத்த எதால பெருக்கணும்னு கேட்டா, ஜோடி இல்லாம நிக்கறது 5, 7, 11, 13, அதைப் பெருக்கினா 5005.

720720க்கு கீழ இருக்கற எந்த எண்ணுக்கும் 240 காரணி கிடையாது. இப்படி தனக்கு முன்னாடி இருக்கற எல்லாத்தையும் விட அதிக காரணி வச்சிருக்கற எண்களைப் பத்திதான் ராமானுஜன் 1915ல ஒரு பெரிய கட்டுரையே எழுதினார், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

720721க்கு வருவோம். 16 வரைக்கும் வகுபடலைங்கறது மட்டும் போதாது, ஒரு எண் பகா எண்ணான்னு முடிவு பண்ண அதோட வர்க்கமூலம் வரைக்கும் இருக்கற பகா எண்களால வகுத்துப் பாக்கணும், இங்க அது 848 வரைக்கும் போகுது. ஆனா பயப்படாதீங்க, 17லேருந்து வரிசையா போங்க, 67 வரைக்கும் ஒண்ணும் சிக்காது, 71ல மாட்டிக்கும்: 71 × 10151 = 720721. அந்த 10151க்கு வர்க்கமூலம் 100ஐ கொஞ்சம் தாண்டுது, சின்ன பகா எண்களை ஏற்கனவே பாத்தாச்சு, அதனால 71, 73, 79, 83, 89, 97 மட்டும் பாத்தா போதும், எதாலயும் வகுபடாது. அப்போ 10151 பகா எண், 720721 பகா எண் இல்ல, அதுக்கு காரணி நாலே நாலு: 1, 71, 10151, 720721.